விளக்கு எரிந்தால் செட்டு கேட்காது

சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். இரும்புக் கதவு போட்ட அறைக்குள் ஒரு விளக்கை எரியவிடுகிறோம். அது எவ்வளவு ரேடியோ இரைச்சலைக் காற்றில் கசியவிடுகிறது என்று வெளியே உட்கார்ந்து திரையில் பார்க்கிறோம். திரையில் ஒரு கோடு இருக்கும். அதற்குக் கீழே இருந்தால் பாஸ், மேலே போனால் ஃபெயில். பாஸ் ஆனால் லேபிள் ஒட்டலாம். வேலைக்கு வந்த சில மாதங்களில் அந்தக் கோடு வெறும் கோடாகிவிடும். எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிறது. எனக்கு அது மறுபடி பயமாக மாறிய ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன். அளக்கும் முறையை மிஷினோடு வந்த புத்தகமே சொல்லிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எல்.இ.டி. விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப்பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. வேப்பம்பட்டில் வீடு. பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். நாங்கள் செய்த பெரிய விளக்குகள் தெருமுனைகளில், மார்க்கெட்டுகளில், மைதானங்களில் உயரமான கம்பத்தில் வட்டமாக மாட்டப்படும். ஊரில் அதை ஹைமாஸ் என்பார்கள். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் வெள்ளை லேபிள் இருக்கும். மாடல், வோல்ட், அரசுப் பதிவு முத்திரை, அதன் கீழே ரேடியோ குறுக்கீட்டு வரம்புக்கு உட்பட்டது என்று ஒரு வரி. முத்திரை சொல்வது ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதை. கடைசி வரி வேறு விஷயம். பக்கத்தில் இருப்பவரின் ரேடியோவை இந்த விளக்கு கெடுக்காது என்ற வாக்கு அது. நிறையப் பேர் முத்திரையைப் பார்த்தவுடன் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்களிலேயே பாதிப் பேர் அப்படித்தான்.

பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம். அங்கே புதிதாக ஒரு ஹைமாஸ் நட்டு எங்கள் விளக்குகளை மாட்டியிருந்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. பேசியவர் தேசப்பன். படகுகளோடு பேசுவதற்காக அரசு கொடுத்த வி.எச்.எஃப் ரேடியோ செட்டு குப்பத்தின் சங்கக் கட்டடத்தில் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

"லைட்டு போட்டா செட்டு கத்துது மேடம். இன்னான்னு வந்து பாருங்க. காண்ட்ராக்டர்கிட்ட சொன்னா, லைட்டுக்கும் ரேடியோக்கும் இன்னா சம்பந்தம்னு கேக்கறான்."

சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மாடலின் சோதனையை நானே பார்த்திருந்தேன். கோட்டுக்கு நன்றாகவே கீழே இருந்தது. ஒயரிங்கில் ஏதாவது இருக்கும், எர்த் சரியில்லாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் டெக்னீஷியன் பாபுவோடு கிளம்பினேன். பாபு பள்ளிப்பட்டுக்காரர். எங்கள் சர்வீஸ் வேனை அவரே ஓட்டுவார். ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் மனசு கலங்கும்போது அவர் வாயில் 'நைனா' வந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நேரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வழக்கமாக அந்தக் குப்பத்துப் படகுகள் விடிவதற்கு முன் போய் மதியத்துக்குள் திரும்பிவிடும். அன்றும் கரையில் படகுகள் ஏறியிருந்தன. ஆனால் வலை பிரிக்கும் சத்தமோ மீன் விலை பேசும் சத்தமோ இல்லை. பெண்கள் சங்கக் கட்டடத்தைச் சுற்றி நின்றார்கள். நான் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் வழி விட்டார்கள்.

தேசப்பன் உள்ளே செட்டின் முன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு காலை நீட்டியே உட்கார்ந்தார், முட்டி மடங்காது போல. அவர் சொன்னார்.

"ஒரு படகு இன்னும் வரல மேடம். மூர்த்தி படகு. அவனும் அவன் தம்பியும் இன்னொரு ஆளும். காத்து மாறிப்போச்சு. மத்தவங்க வந்துட்டாங்க."

"செட்டுல கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டுக்கினே கீறேன். பதிலு இல்ல."

அப்போது வானம் நன்றாகக் கறுத்திருந்தது. பகல்தான், ஆனால் அறைக்குள் முகம் சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக வெள்ளை வெளிச்சம் மட்டும் உள்ளே விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ஹைமாஸ் எரிந்துகொண்டிருந்தது. இருட்டினால் தானாக எரியும்படி அதில் சென்சார் உண்டு. மேகத்தை அது மாலை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

செட்டைப் பார்த்தேன். அது கத்தவில்லை. கொஞ்சமும் இரைச்சல் இல்லை.

"கத்துதுன்னு சொன்னீங்களே?"

"லைட்டு எரிஞ்சப்போ கத்திச்சு. காதுல வாங்க முடியல. இந்தத் திருகை ஏத்தி அடக்கிட்டேன். இப்ப அமைதியாக் கீது."

திருகு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் திருகு இரைச்சலை அகற்றுவதில்லை. இந்த அளவுக்கு மேல் பலமாக வரும் குரலை மட்டும் விடு, மற்றதை மூடு என்று செட்டுக்குச் சொல்கிறது. விளக்கின் இரைச்சலை மூடும் அளவுக்கு அதை ஏற்றினால், தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலும் சேர்ந்து மூடிப்போகும். தேசப்பன் மேல் தவறில்லை. எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். செட்டு அமைதியாக இருந்ததால் யாரும் கூப்பிடவில்லை என்று அந்தக் கரையே நினைத்துக்கொண்டிருந்தது.

திருகை இறக்கச் சொன்னேன். இறக்கினார். அறை முழுக்க ஒரே சீற்றம், மழை தகரத்தில் விழுவது மாதிரி. அதற்குள் ஒரு மனிதக் குரல் இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சங்கக் கட்டடத்தின் மாடியில்தான் ஆன்டெனா. ஹைமாஸ் அதற்கு நேர் பக்கத்தில் நின்றது. கையில் பிடிக்கும் சின்ன செட்டு ஒன்று கரையேறிய படகில் இருந்தது. பாபு அதை எடுத்துக்கொண்டு கம்பத்தைவிட்டு வெகுதூரம் மணலில் நடந்து போய்க் கேட்டார். இரைச்சல் குறைந்தது, குரலும் இல்லை. தரையில் நின்றுகொண்டு அந்தக் குட்டி ஆன்டெனாவில் அவ்வளவு தூரம் கேட்காது. மாடி ஆன்டெனாதான் வேண்டும்.

"தேசப்பன் அண்ணா, விளக்கை அணைக்கணும்," என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே இருந்த பெண்களுக்குக் கேட்டுவிட்டது. ஒருத்தி உள்ளே வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருந்தாள். மூர்த்தியின் மனைவி வசந்தா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அணைக்கறதா? ஏம்மா, உனக்குக் கடலு தெரியுமா?"

"தெரியாது."

"முகத்துவாரத்துல ரெண்டு பக்கமும் மணல்திட்டு. நடுவுல ஒரு படகு போற வழிதான் ஆழம். இருட்டிட்டா இப்ப இந்த லைட்டை நேராப் புடிச்சிக்கினுதான் உள்ள வருவாங்க. கொஞ்சம் தப்பினா அலை தூக்கிப் போட்டுரும். அந்தாளு இப்ப வந்துக்கினு இருந்தா? நீ அணைச்ச நேரத்துல அந்த முகத்துவார வாய்க்கிட்ட இருந்தா?"

பின்னால் நின்ற பெண்களும் சேர்ந்து பேசினார்கள். லைட்ஹவுஸ் இருக்கிறதே என்று பாபு கேட்டார். அது தூரத்திலிருந்து ஊரைக் காட்டும், நுழையும் வழியைக் காட்டாது என்று தேசப்பன் சொன்னார். வேறு படகுகளை அனுப்பித் தேடச் சொல்லலாமே என்றேன். வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"போறதுக்கு நாங்க ரெடி. எந்தப் பக்கம் போறது? தெக்காலயா, வடக்காலயா? இந்தக் காத்துல சும்மா சுத்தினா நாங்களும் சேந்து காணாமப் போவோம்."

ஆக, செட்டு கேட்க வேண்டுமானால் விளக்கை அணைக்க வேண்டும். படகு வர வேண்டுமானால் விளக்கு எரிய வேண்டும். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ முறை இரண்டு பக்கமும் நஷ்டமான முடிவுகளை எடுத்திருக்கிறேன். அவையெல்லாம் டெஸ்பாட்ச் தள்ளிப்போவது, ஆர்டர் கைவிட்டுப்போவது மாதிரியானவை. மூன்று பேர் உயிரை வைத்து எதையும் முடிவு செய்ததில்லை.

வசந்தா எனக்கு நேரே வந்து நின்றாள். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நீ சொல்றது நிச்சயமா?"

அந்த நொடியில் ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. படித்தவள், கம்பெனியிலிருந்து வந்தவள், நிச்சயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தது பாதிதான்.

"விளக்கு எரியறப்போ செட்டுக்குக் காது கேக்காது. அது நிச்சயம். உன் வீட்டுக்காரர் கூப்பிடறாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அணைச்சாலும் ஒண்ணும் கேக்காமப் போகலாம். அவர் வாய்க்கிட்ட வந்துட்டாரான்னும் எனக்குத் தெரியாது."

அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். இருட்டும் சாரலும் தவிர அங்கே எதுவும் இல்லை.

"வாய்க்கிட்ட வந்திருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியும்," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "வரல. ரொம்ப தூரத்துல கீறாரு. தேசப்பண்ணா, அணைக்கச் சொல்லு."

அணைக்கும் முன் ஒரு ஏற்பாடு செய்தோம். எங்கள் வேனை மணல் ஓரம் வரை ஓட்டிப்போய், முகத்துவாரத்தைப் பார்த்து ஹெட்லைட்டை எரியவிட்டார் பாபு. இன்னொருவர் மீன் ஏற்றும் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். கம்பத்து உயரத்துக்கு முன் அது ஒன்றுமில்லைதான், இருந்தாலும் அந்த ஜனங்களுக்கு ஒரு வெளிச்சமாவது இருக்க வேண்டியிருந்தது. கண்பார்வை நல்ல இரண்டு பேர் கரை நுனியில் போய் நின்றுகொண்டார்கள். ஏதாவது தெரிந்தால் கையை ஆட்ட வேண்டும், உடனே விளக்கைப் போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பாபு கம்பத்தின் பெட்டியைத் திறந்து ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தேசப்பனைப் பார்த்தேன். தேசப்பன் வசந்தாவைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

விளக்கு அணைந்தது. கத்தியால் வெட்டியது போல அறைக்குள் சீற்றம் நின்றது. மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது, ஒரு நல்ல செட்டில் இருக்க வேண்டிய அளவு.

ஒன்றும் கேட்கவில்லை.

தேசப்பன் கூப்பிட்டார். விட்டு விட்டுக் கூப்பிட்டார். வெளியே யாரோ அழ ஆரம்பித்தார்கள். என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான். அணைக்கச் சொன்னது நான். இதே நேரத்தில் அந்தப் படகு எங்கோ வெளிச்சத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்து, வெளிச்சம் திடீரென்று காணாமல் போயிருந்தால் என்ன செய்வேன். பாபுவின் கை இன்னும் ஸ்விட்சில் இருந்தது. 'போட்டுவிடு' என்று சொல்ல இரண்டு முறை வாய் திறந்து மூடினேன்.

அப்போது ஒரு குரல் வந்தது. முழுதாக வரவில்லை.

"...கரை... கரை... கேக்குதா..."

தேசப்பன் மைக்கை வாயருகே இழுத்தார். "மூர்த்தி, கேக்குது. சொல்லு."

"எவ்ளோ நேரமாக் கூப்பிடறேன்... நீ கூப்பிடறது கேக்குது, நான் சொல்றதுக்குப் பதிலே வரல... வலை இஞ்சின் ஃபேன்ல சுத்திக்கிச்சு. இஞ்சின் நின்னுபோச்சு. நங்கூரம் புடிக்கல. வடக்கால இழுத்துக்கினு போவுது. தம்பி கையில அடி."

எவ்வளவு தூரம் என்று கேட்டார் தேசப்பன். கையில் இருந்த ஜி.பி.எஸ்ஸைப் பார்த்து மூர்த்தி எண்களைச் சொன்னார். பாதி உடைந்து வந்தது. மறுபடி கேட்டு எழுதிக்கொண்டோம். தேசப்பன் எண்களை வெளியே உரக்கப் படித்து முடிப்பதற்குள் இரண்டு படகுகள் தண்ணீருக்குள் தள்ளப்பட்டுவிட்டன. வசந்தா உள்ளே வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, செட்டுப் பக்கம் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

தேடிப் போனவர்கள் முகத்துவாரத்தைத் தாண்டும்போது விளக்கைப் போட்டோம். தாண்டியதும் அணைத்தோம். மூர்த்தியின் குரலும் போனவர்களின் குரலும் மாறி மாறி வந்தன. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கேட்டபோது யாரும் சந்தோஷப்படவில்லை. திரும்பி வருவதுதான் பாக்கி என்று அவர்களுக்குத் தெரியும். மூர்த்தியின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்த வாய்க்குள் நுழைய முடியாது என்று போனவர்கள் சொன்னார்கள். மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு படகை விட்டுவிட்டார்கள். அதைக் கேட்டதும் வசந்தா ஒருமுறை கண்ணைத் திறந்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

"கிட்ட வந்துட்டோம். லைட்டைப் போடுங்க," என்று கடைசிக் குரல் வந்தது.

போட்டோம். செட்டு மறுபடி செவிடாகிவிட்டது. இனி அவர்கள் என்ன சொன்னாலும் எங்களுக்குக் கேட்காது. எல்லோரும் மணலுக்கு ஓடினோம். அலைகளுக்கு நடுவில் இரண்டு படகுகளும் ஏறுவதும் மறைவதுமாகத் தெரிந்தன. ஒன்று நேராக வந்துவிட்டது. இன்னொன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, சாய்ந்த வாக்கிலேயே ஓர் அலையோடு உள்ளே வந்து விழுந்தது. மூர்த்தி அதில்தான் இருந்தார். நடந்து வந்தார். தம்பியின் கை முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது. அவரை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு பாபு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வண்டியை எடுக்கும்போது, "நைனா, கண்ணை மூடாத, பேசிக்கினே வா," என்று அவர் அந்தப் பையனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

படகு பிறகு வடக்கே கரை ஒதுங்கியது. படகு என்று சொல்ல முடியாது, துண்டுகள்.

மறுநாள் காலை கம்பெனியில், அதே கம்பத்துக்காக அனுப்பியது போக ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரு விளக்கைத் திறந்தேன். அதற்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் நாங்கள் சோதித்த பெட்டி மாதிரியேதான் இருந்தது. அதே அளவு, அதே வாட். திறந்தால் இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள், காயில் என்போமே, அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சாமான் கிடைக்காத ஒரு காலத்தில் வாங்கும் பிரிவு வேறு சப்ளையரிடம் போயிருக்கிறது. ஷாக், சூடு, வெளிச்சம் எல்லாம் சரி என்று பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ரேடியோ சோதனைக்கு மறுபடி அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் பிரிவுக்குச் சொல்லவும் இல்லை. லேபிள் பிரிண்ட் ஆகிக்கொண்டே இருந்தது.

அன்று மதியம் ஒரு லாரி போக வேண்டியிருந்தது. அதே விளக்குகள், ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்கு. ஜி.எம். அறைக்குப் போய் நிறுத்தச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, பிறகுதான் பேசினார்.

"நம்ம சேம்பிள் பாஸ் ஆகியிருக்கு. ரிப்போர்ட் இருக்கு. லேபிள்ல பொய் இல்லையேம்மா?"

"பாஸ் ஆன விளக்கு வேற சார். பெட்டிக்குள்ள இருக்கறது வேற."

"அங்க கம்பம் ஆன்டெனாவை ஒட்டி இருக்கு. இன்ஸ்டலேஷன் பிரச்சினைன்னு ரிப்போர்ட் போடுங்க. அது உண்மையும்தானே?"

பாதி உண்மைதான். அந்தக் கம்பம் நூறடி தள்ளி இருந்திருந்தால் இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. இளையவர்களே, உங்களுக்கு வரப்போகும் சோதனை முக்கால்வாசி இப்படித்தான் வரும். பொய் எழுது என்று யாரும் கேட்க மாட்டார்கள். உண்மையில் எந்தப் பாதியை எழுதுவது என்றுதான் கேட்பார்கள்.

அவரிடம் முந்தைய நாள் வசந்தாவிடம் பேசியது போலவே பேசினேன். "எனக்குத் தெரிஞ்சது சொல்றேன் சார். இந்தப் பெட்டியில காயில் இல்ல. விளக்கு எரிஞ்சா ரேடியோ கெடுது, நேத்து என் காதால கேட்டேன். தெரியாததையும் சொல்றேன். ஆஸ்பத்திரியில எந்த மிஷின் பக்கத்துல இதை மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் ரேடியோ இருக்கலாம், வார்டுல மானிட்டர் இருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா அந்த வரி இருக்கற லேபிளோட இது வெளிய போகக் கூடாது. என் கையெழுத்து இல்லாம அனுப்பினா அனுப்புங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்று மாலைக்குள் வேலையை விடச் சொல்வார் என்றே நினைத்தேன். ஓய்வு பெறும் நேரத்தில் இப்படிப் போக வேண்டியிருக்குமே என்று இருந்தது. கடைசியில், திரும்பாமலே கேட்டார்.

"அந்த மூணு பேரும் வந்துட்டாங்க இல்ல?"

"வந்துட்டாங்க சார். ஒருத்தருக்குக் கை உடைஞ்சிருக்கு. படகு போச்சு."

இன்டர்காமை எடுத்து லாரியை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது சுலபமாக நடக்கவில்லை. வாங்கும் பிரிவுக்காரர்கள் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. கஸ்டமர் கத்தினார். அதுவரை போன விளக்குகளையெல்லாம் திரும்ப வாங்கக் கம்பெனி தயங்கியது. ரேடியோ செட்டு பக்கத்தில் இருக்கும் இடங்களில் மட்டும் மாற்றிக் கொடுப்பது என்று முடிவானது. அது போதாது என்று இன்றும் நினைக்கிறேன். மூர்த்திக்குப் படகு வாங்க அரசு உதவியோடு கம்பெனியும் ஒரு பங்கு கொடுத்தது. அதை நஷ்டஈடு என்று சொல்லக் கூடாது என்பதில் வக்கீல் கவனமாக இருந்தார்.

குப்பத்துக்குப் புது விளக்குகளோடு நானும் பாபுவும் போனோம். மாட்டி முடித்து, விளக்கு எரியும்போது செட்டைக் கேட்டோம். சுத்தமாக இருந்தது. கடலில் இருந்த ஒரு படகைத் தேசப்பன் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போலப் பதில் வந்தது. வசந்தா வந்து, கழற்றி வைத்திருந்த பழைய விளக்கையும், கம்பத்தில் ஏற்றாமல் மிச்சம் வைத்திருந்த புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டுத்துலயும் ஒரே ஸ்டிக்கர்தான கீது. இன்னா எழுதிக்கீது, படி."

படித்துக் காட்டினேன். ரேடியோ குறுக்கீட்டு வரம்பு என்ற வரிக்கு அர்த்தமும் சொன்னேன். பழையதில் அது இருந்திருக்கக் கூடாது, புதியதில் இருக்கலாம் என்றேன்.

"இதுல இருக்கலாம்னு யாரு சொன்னது?"

"நான்தான் பாத்தேன். ஒவ்வொரு லாட்டுலயும் ஒண்ணு எடுத்துத் திறந்து பாத்தேன்."

"அப்ப உம்பேரு ஏன் இதுல இல்ல?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும், மாடல் எண் இருக்கும், பார்த்த ஆளின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. பாபுவிடம் மார்க்கரை வாங்கி, கம்பத்துப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். விதியில் அப்படி எதுவும் இல்லை. நீங்களும் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை அச்சடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடும்போது, பெட்டிக் கதவில் உங்கள் நம்பரை எழுதத் துணிவீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது உதவியது.

ஓய்வு பெற்ற பிறகும் நம்பரை மாற்றவில்லை. போன பருவமழையில் ஒரு நாள், வேப்பம்பட்டில் மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில் கிழக்கே வானம் மையாக இருந்தது. போன் அடித்தது. குப்பத்து நம்பர். துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"தேசப்பண்ணா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மேடம். மானம் கறுத்துக்கினு கீது. லைட்டு எரியுது. ரெண்டு படகு வெளிய கீது, ரெண்டு பேரும் பேசிட்டாங்க. செட்டு நல்லாக் கேக்குது. உங்களாண்ட சொல்லலாம்னு வசந்தா சொல்லிச்சு."